அச்சகப் பெயர் இல்லாத தாள்கள்

2008 மார்ச் 6ஆம் திகதி, பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவினர் கொழும்பில் ஓர் அச்சக உரிமையாளரையும் அவருடைய மனைவியையும் பிடித்துச் சென்றார்கள். அவர்களைப் பற்றி விசாரிக்கப் போன பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகமும் மறுநாள் தடுத்து வைக்கப்பட்டார். குற்றப்பத்திரிகை வந்தபோது அதில் குண்டும் இல்லை, துவக்கும் இல்லை. 'நோர்த் ஈஸ்டர்ன் மந்த்லி' என்ற ஆங்கில மாத இதழில் 2006ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரைகளின் சில வரிகள் இருந்தன. இராணுவ முற்றுகைக்குள் வாகரை மக்கள் பட்ட பாட்டை எழுதியதும் அந்தக் குற்றங்களில் ஒன்று. 2009 ஆகஸ்ட் 31ஆம் திகதி அவருக்கு 20 ஆண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அச்சகத் தம்பதியினர் அதே ஆண்டு ஒக்டோபரில் விடுவிக்கப்பட்டார்கள். திசைநாயகம் 2010 ஜனவரியில் பிணையில் வெளிவந்தார். மே மாதம் ஜனாதிபதியின் மன்னிப்பு கிடைத்தது.

வாகரை மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில் இருக்கிறது. மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போகிறவர் பிள்ளையாரடி, சத்துருக்கொண்டான் ஆகிய ஊர்களைக் கடந்ததும் தன்னாமுனைக்கு வருவார். புனித சூசையப்பர் தேவாலயத்தைச் சுற்றி வளர்ந்த பழைய கத்தோலிக்கக் குடியிருப்பு அது. ஒருபுறம் வாவி. வீதியைப் பிடித்துக்கொண்டே போனால் ஏறாவூர், வாழைச்சேனை, அதற்கப்பால் வாகரை. 2006இன் கடைசியிலும் 2007 ஜனவரியிலும் வாகரையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த ஆயிரக்கணக்கானோர் தெற்கே இந்தக் கரையோரங்களில்தான் முகாம்களில் தங்கினார்கள். அவர்களிடம் கேட்டால் எவருக்கும் தெரிந்துவிடக்கூடிய உண்மையை அச்சில் போட்டதற்குத்தான் அந்தத் தண்டனை.

எழுதியவரைத் தேடுவதற்கு முன் அச்சிட்டவரைப் பிடிப்பது இலங்கையில் புதிய பழக்கம் அல்ல. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு வெளியீட்டிலும் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும். பிரதிகளை அரசாங்கத்துக்குக் கொடுக்கவும் வேண்டும். தேசிய சுவடிகள் திணைக்களத்தில் நூல்கள் சேர்வது அந்த வழியால்தான். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னொரு பூட்டையும் போட்டது. அதன் 14ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில விடயங்களை உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் பத்திரிகையில் வெளியிடக் கூடாது என்றது. ஆகவே உயிருக்குப் பயந்தவர்கள் அச்சகப் பெயரை விட்டுவிட்டார்கள். பெயர் இல்லாத தாள் சட்டப்படி அரசாங்கச் சுவடிக்கூடத்துக்குப் போகாது. ஒரு காலத்தின் மிகத் துணிச்சலான எழுத்து அந்தக் காலத்தின் அதிகாரபூர்வ நினைவில் இடம்பெறாமல் போனது இப்படித்தான்.

சர்வாதிகாரத்திலிருந்து மீண்ட நாடுகளின் தலைமறைவுப் பதிப்புகளைப் பற்றிய பேச்சில் போலந்து வரும், சோவியத் ஒன்றியம் வரும், இந்தோனேசியா வரும். இலங்கை வருவதில்லை. இங்கே தேர்தல் நடந்தது, நீதிமன்றம் இயங்கியது, பத்திரிகை வந்தது. ஆனாலும் 1983க்கும் 2011க்கும் இடையில் பெரும்பகுதி அவசரகாலச் சட்டத்தின் கீழ்தான் கழிந்தது. தமிழர் வாழ்ந்த பகுதிகளில் அரசின் தணிக்கையோடு ஆயுதம் ஏந்திய இயக்கங்களின் தணிக்கையும் சேர்ந்துகொண்டது. ஒரு சர்வாதிகாரியை மட்டும் கண்டு அஞ்சியவன் அவன் கண்ணுக்கு மறைத்தால் போதும். மட்டக்களப்பில் எழுதியவர் எந்தக் கண்ணுக்கு மறைப்பது என்பதே தெரியாமல் எழுதினார்.

ஊரின் புவியியலே அப்படி இருந்தது. ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை நீளும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் எழுவான்கரையில் இராணுவமும் அதிரடிப் படையும், படுவான்கரையில் விடுதலைப் புலிகள். வவுணதீவுப் பாதையாலோ மண்முனைத் துறையாலோ கடந்து போகிறவரின் பையை இரண்டு கரையிலும் கிண்டிப் பார்த்தார்கள். ஒரு கரையில் கையில் இருக்க வேண்டிய தாள் மறுகரையில் இருக்கவே கூடாத தாள். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா அவர்களிடமிருந்து பிரிந்த பிறகு எழுவான்கரைக்குள்ளேயே இன்னும் ஒரு கண் திறந்தது.

1990ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஏறாவூரிலும் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹீபெர்ட் உடன் வந்த இளைஞரோடு காணாமற்போனார். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி, தன்னாமுனைக்குப் பக்கத்திலேயே, சத்துருக்கொண்டான், பனிச்சையடி, பிள்ளையாரடி, கொக்குவில் ஆகிய ஊர்களின் மக்கள் இராணுவ முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பிற்கால விசாரணையில் பதிவான எண்ணிக்கை 184. குழந்தைகளும் அதில் அடங்கும்.

இவ்வளவும் ஒரே கோடை. கொழும்புப் பத்திரிகைகளில் இவற்றில் பலவும் அரைகுறையாக வந்தன, அல்லது வரவே இல்லை. அப்போது மட்டக்களப்பில் நடந்த மிக முக்கியமான எழுத்து வேலையைக் கவிஞரும் கதாசிரியரும் செய்யவில்லை. பட்டியல் எழுதியவர்கள் செய்தார்கள். 1948இல் இங்கு வந்து புனித மிக்கேல் கல்லூரியில் வாழ்ந்த இன்னோர் அமெரிக்க இயேசுசபைத் துறவியான ஹரி மில்லர், மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்தபடி காணாமற்போனோரின் விபரங்களைக் கோப்புக் கோப்பாகச் சேர்த்தார். பெயர், வயது, ஊர், எங்கே, எப்போது, யார் கொண்டுபோனது என்று அழுதுகொண்டு வந்த தாய்மார் சொல்லச் சொல்லப் பதிந்த விபரங்கள் அவை. இது பதிப்பு ஆகுமா என்று ஒருவர் கேட்கலாம். ஆகும். நடந்ததை எழுதிப் பிரதி எடுத்து, அறிய வேண்டியவர்களிடம் ஆபத்தைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பதுதானே தலைமறைவுப் பதிப்பு!

சோவியத் ஒன்றியத்திலும் இதே வகை எழுத்துதான் மிக நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. 1968 ஏப்ரலில் கவிஞர் நத்தாலியா கோர்பனேவ்ஸ்கயா தட்டச்சில் தொடங்கிய 'நடப்பு நிகழ்வுகளின் பதிவேடு' 1980களின் தொடக்கம்வரை வந்துகொண்டிருந்தது. அலங்காரம் இல்லை, ஆவேசம் இல்லை. கைது, சோதனை, வழக்கு, சிறை என்று தேதியோடு தகவல்கள். கார்பன் தாள் வைத்து ஒரே தடவையில் சில பிரதிகள். அவற்றில் ஒன்றைப் பெற்றவர் மறுபடி தட்டச்சு செய்வார். ஆசிரியர் யார் என்று வாசகருக்குத் தெரியாது. ஒரு தகவலைத் தர விரும்பினால், இதழைத் தமக்குத் தந்தவரிடம் சொல்ல வேண்டும். அவர் தமக்குத் தந்தவரிடம் சொல்வார். செய்தி அப்படியே சங்கிலியில் பின்னோக்கிப் போய் ஆசிரியரை அடையும். முகம் தெரியாத நம்பிக்கையின் மேல் ஓர் இதழ் அத்தனை ஆண்டுகள் நின்றது.

ஈழத்தில் தட்டச்சின் இடத்தை றோனியோ பிடித்தது. தமிழ்நாட்டில் சைக்ளோஸ்டைல் என்பார்கள். மெழுகு பூசிய மெல்லிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சுப் பொறியில் கொடுத்து, நாடா இல்லாமல் அடித்தால் எழுத்து மெழுகை வெட்டும். கூரான பேனாவால் கையாலும் எழுதலாம். அதை மை தடவிய உருளையில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால், வெட்டுப்பட்ட இடத்தால் மை கசிந்து தாளில் எழுத்து விழும். ஒரு ஸ்டென்சிலில் சில நூறு பிரதி எடுக்கலாம். பிறகு எழுத்து கலங்கும். பாடசாலைக்கும் கோயிலுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வினாத்தாள், அறிவித்தல் அடிக்க வைத்திருந்த இயந்திரம் இரவில் வேறு வேலை செய்தது. அச்சுக்கோப்பாளர் வேண்டாம், ஈய எழுத்து வேண்டாம், வேலை முடிந்ததும் ஸ்டென்சிலைக் கொளுத்திவிடலாம்.

கையால் பிரதி செய்து கைமாற்றும் பழக்கம் வாவிக்கரைக்கு அதைவிடப் பழையது. கூத்து அண்ணாவிமாரின் ஏடுகளும் கொப்பிகளும் அப்படித்தான் தலைமுறை தாண்டின. 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா 'மட்டக்களப்பு மான்மியம்' நூலைப் பதிப்பித்ததும், அதே ஆண்டு பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'அலங்காரரூபன் நாடகம்' என்ற தென்மோடிக் கூத்தை அச்சேற்றியதும் இந்த ஏடுகளைக் கொண்டுதான். வீட்டுக்குள் கிடந்த எழுத்தைத் தேடிப் பதிப்பிக்கும் மரபு மட்டக்களப்புக்கு உண்டு என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த மரபு போர்க்காலத் தாள்களுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

தலைமறைவு எழுத்து என்றதும் அரசை எதிர்த்த எழுத்து மட்டுமே பலர் மனதில் வரும். தமிழில் மிகவும் ஆபத்தான எழுத்து, விடுதலை பேசிய இயக்கங்களின் உள்ளே நடந்ததைச் சொன்ன எழுத்து. 1985இல் கோவிந்தன் என்ற புனைபெயரில் வந்த 'புதியதோர் உலகம்' நாவல் அதன் தொடக்கம். புளொட் இயக்கத்திலிருந்து வெளியேறித் தலைமறைவாக வாழ்ந்த 'தீப்பொறி' குழுவினர் அதை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுப் பயிற்சி முகாம்களில் சொந்தத் தோழர்களையே அடைத்து வதைத்ததை உள்ளே இருந்தவரே நாவலாக எழுதினார். 1991இல் அவரைப் புலிகள் பிடித்தார்கள். பிறகு அவர் திரும்பவில்லை. நாவலை 1997இல் கோவை விடியல் பதிப்பகம் மீண்டும் பதிப்பித்தது.

1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் 'ஈழமுரசு', 'முரசொலி' பத்திரிகைகளின் அச்சகங்களைத் தகர்த்தது. அதே காலத்தின் கொடுமைகளை, யார் செய்தார்கள் என்று பாராமல் பதிந்தவர்கள் யாழ் பல்கலைக்கழகத்தின் நான்கு ஆசிரியர்கள்: ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், க. ஸ்ரீதரன், ரஜனி திராணகம. அவர்கள் எழுதிய 'முறிந்த பனை' முழுமையான நூலாக 1990இல் வெளிநாட்டில் வெளிவந்தபோது ரஜனி உயிரோடு இல்லை. 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி வீட்டுக்குப் போகும் வழியில் சுடப்பட்டார். 1988இல் அவர்கள் தொடங்கிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு தலைமறைவாக இயங்கித் தொடர்ந்து அறிக்கைகளை வெளியிட்டது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் துயரத்தைப் பற்றிய 1991ஆம் ஆண்டு அறிக்கை அவற்றில் ஒன்று. தமிழர் செத்ததும் முஸ்லிம்கள் செத்ததும் ஒரே அறிக்கையில் ஒரே அக்கறையோடு எழுதப்பட்டன. அன்று அதைச் செய்யத் துணிந்தவர்கள் மிகச் சிலர்.

கவிதைக்கும் விலை இருந்தது. 'தோழி' என்ற பெண்கள் இதழின் ஆசிரியரும் யாழ் பல்கலைக்கழக நாடக மாணவியுமான செல்வியை 1991 ஆகஸ்ட் 30ஆம் திகதி புலிகள் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு அனைத்துலகக் கவிதை விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அதைப் பெற அவர் இல்லை. அதே 1991இல் இறந்த கவிஞர் சிவரமணி, இறப்பதற்கு முன் தம்மிடம் இருந்த கவிதைகளை எரித்துவிட்டார். இன்று நாம் வாசிப்பவை நண்பர்களிடமும் இதழ்களிலும் இருந்ததால் தப்பியவை. இன்னொருவர் கையில் ஒரு பிரதி இருப்பதன் பெறுமதியை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நாட்டைவிட்டுப் போனவர்கள் ஜெர்மனியில் 'தூண்டில்', நோர்வேயில் 'சுவடுகள்', சுவிற்சர்லாந்தில் 'மனிதம்', பிரான்ஸில் 'ஓசை' என்று சிற்றிதழ்கள் நடத்தினார்கள். கையெழுத்திலும் தட்டச்சிலும் தொடங்கி நிழற்பிரதியில் பெருகிய இதழ்கள் அவற்றில் பல. 1988இல் ஜெர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு அவற்றின் சந்தையும் மேடையும் ஆயிற்று. கடல் கடந்தும் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை. போராட்ட வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த சபாலிங்கம் 1994 மே 1ஆம் திகதி பாரிஸில் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மட்டக்களப்பின் தனிப்பங்களிப்பு எது என்று கேட்டால் பெண்களின் பதிப்புப் பணியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த 'சொல்லாத சேதிகள்' பத்துப் பெண்களின் கவிதைகளைக் கொண்ட மெல்லிய தொகுப்பு. ஈழத்துப் பெண் கவிதையின் பாதையையே அது மாற்றியது. அதைத் தொகுத்த சித்திரலேகா மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். போரில் இடம்பெயர்ந்த பெண்களோடு தொடங்கி, 1990களில் மட்டக்களப்பில் வேரூன்றிய சூர்யா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 'பெண்' சஞ்சிகையைக் கொண்டுவந்தது. 1999இல் சித்திரலேகா தொகுத்துச் சூர்யா வெளியிட்ட 'உயிர்வெளி' பெண்கள் எழுதிய காதல் கவிதைகளின் தொகுப்பு. சாவும் வீரமும் தவிர வேறொன்றும் பேசக் கூடாது என்று எல்லாத் தரப்பும் எதிர்பார்த்த காலத்தில், துவக்குகளின் நடுவே ஒரு பெண் தன் ஆசையைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி ஒரு நூல் போட்டார்கள். அது எந்தத் துண்டுப்பிரசுரத்துக்கும் குறையாத துணிச்சல். பரிசோதனைப் பதிப்பு என்பது வடிவத்தில் செய்யும் புதுமை மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தத் தொகுப்பை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கிழக்கின் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தது இன்னொரு துணிச்சல். 1996இல் எம். பௌசர் தொடங்கிய 'மூன்றாவது மனிதன்' அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து புறப்பட்டு நாடு முழுவதும் வாசிக்கப்பட்டது. 1990இன் கொலைகளுக்குப் பிறகு ஒருவர் ஊருக்கு மற்றவர் போகப் பயந்த காலத்தில், ஒருவர் கவிதைக்குப் பக்கத்தில் மற்றவர் கவிதை வந்தது. கொழும்பிலிருந்து 1990 முதல் வந்த 'சரிநிகர்' பத்திரிகையும் கிழக்கின் செய்திகளுக்கு நிறைய இடம் கொடுத்தது. இவை வெளிப்படையாக, ஆசிரியர் பெயரோடு வந்தவை. ஆனாலும் அவற்றில் எழுதிய பலர் புனைபெயரில்தான் எழுதினார்கள்.

பெயரோடு எழுதியவர்களுக்கு நடந்தது ஊர் அறிந்தது. வீரகேசரியில் எழுதிய ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் வேலைக்குப் போகும்போது சுடப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்து 'தராகி' என்ற பெயரால் உலகம் அறிந்த தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28ஆம் திகதி கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் பிணமாகக் கிடந்தார். 2006இல் கொழும்பிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகைகளை ஆயுததாரிகள் கிழக்கில் விநியோகிக்க விடாமல் தடுத்தார்கள், கட்டுக்கட்டாக எரித்தார்கள். அந்தச் சூழலில்தான் வாகரையைப் பற்றி ஒரு சிறிய ஆங்கில மாத இதழ் எழுத வேண்டி வந்தது.

சர்வாதிகாரத்திலிருந்து மீண்ட நாடுகளில், போலந்தில் விடிவு ஒரு நாளோடு தெரிந்தது. இராணுவச் சட்டத்தின் கீழ் 1982இல் தொடங்கி, பெரும்பாலும் பெண்களால் நடத்தப்பட்ட தலைமறைவு வார இதழ் 'டிகோட்னிக் மசோவ்ஷே' வாரந்தோறும் பல்லாயிரம் பிரதிகள் போனது. அதன் ஆசிரியர் ஹெலேனா உச்சிவோவும் தோழிகளும் 1989 மே 8ஆம் திகதி 'கசெட்டா வைபோர்ச்சா' என்ற சட்டபூர்வ நாளிதழைக் கொண்டுவருவதில் முன்னின்றார்கள். இரவில் அடித்த கைகள் பகலில் அடித்தன. அதே நேரத்தில், தலைமறைவில் தழைத்த சிறு பதிப்பகங்கள் பலவும் சுதந்திரச் சந்தையில் சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன.

இந்தோனேசியாவின் கதை மெதுவானது. பிரமுதியா அனந்த தூர் புரு தீவுச் சிறையில் எழுத அனுமதி இல்லாத காலத்தில் தம் நாவலைச் சக கைதிகளுக்கு வாயால் சொல்லிக் காத்தார். விடுதலையானபின் முன்னாள் கைதிகள் சேர்ந்து ஹஸ்த மித்ர என்ற பதிப்பகத்தைத் தொடங்கி 1980இல் அதை வெளியிட்டார்கள். மறு ஆண்டே தடை விழுந்தது. அவர் நூல்களைக் கைமாற்றியதற்காக யோக்யகர்த்தாவில் இளைஞர்கள் சிறை போனார்கள். 1998இல் சுகார்த்தோ வீழ்ந்த பிறகுதான் அவை கடைகளில் பகிரங்கமாக அடுக்கப்பட்டன.

மட்டக்களப்பில் அப்படி ஒரு நாள் வரவில்லை. கிழக்கில் போர் 2007இலும் வன்னியில் 2009இலும் முடிந்தது. முகாம்களும் சோதனைச்சாவடிகளும் பயமும் முடியவில்லை. 2014இல் மண்முனைத் துறைக்குப் பாலம் வந்து இரு கரைகளும் இணைந்தன. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் பேச்சு கொஞ்சம் தளர்ந்தது. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. இந்தத் தளர்வுகளுக்குக் காத்திராமலே இதழ்கள் வந்தன. செங்கதிரோன் த. கோபாலகிருஷ்ணனின் 'செங்கதிர்' 2008இலும் வி. மைக்கல் கொலினின் 'மகுடம்' 2012இலும் மட்டக்களப்பிலிருந்து தொடங்கின. சி. ஜெயசங்கரோடு இயங்கும் 'மூன்றாவது கண்' குழுவினர் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் செய்து, அந்த அனுபவத்தைச் சிறு வெளியீடுகளாகவும் கொண்டுவந்தார்கள். எளிய தாள், குறைந்த பிரதி, ஊரவர் கைக்கு நேரே போகும் விநியோகம்: வடிவத்தில் பழைய றோனியோத் தாளின் வாரிசுகள் இவை. 2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது பெண்கள் நாள்தோறும் மட்டக்களப்பு வீதியில் நீதிக்காக நடந்தார்கள். அவர்கள் கையிலிருந்த எழுத்து அட்டைகளும் இந்த மரபில் சேர வேண்டியவைதான்.

பின்னோக்கி இழுக்கும் கைகளும் இருக்கின்றன. மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2017இல் 'நவரசம்' என்ற கவிதை நூலை வெளியிட்டார். பெயரோடு, பகிரங்கமாக வந்த நூல். 2020 மே மாதம் அந்த நூலைக் காட்டிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தார்கள். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளே அதில் இருக்கின்றன என்று அவர் தரப்பு சொல்லிக்கொண்டே இருந்தது. 2021 டிசெம்பரில் பிணை கிடைத்தது; 2023 டிசெம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு கவிதைப் புத்தகத்துக்காக ஓர் ஆசிரியரின் வாழ்வில் மூன்றரை ஆண்டுகள் போயின. அந்த ஆண்டுகளில் வீட்டில் பழைய தாள் வைத்திருந்த ஒருவர் அதை வெளியே எடுப்பதா எரிப்பதா என்று யோசித்திருந்தால், அவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆனாலும் அந்தத் தாள்கள் தேவை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துச் சிற்றிதழ்களையும் நூல்களையும் பிரசுரங்களையும் வருடி இலவசமாகப் படிக்கத் தருகிறது. அதற்கு ஆதாரமாக நின்றவர்களில் ஒருவர் ஈழத்து நூல்களைத் தேடிச் சேர்ப்பதையே வாழ்வாக்கிக்கொண்ட இ. பத்மநாப ஐயர். அரசாங்கச் சுவடிக்கூடம் செய்ய முடியாததைத் தன்னார்வலர்கள் செய்தார்கள். ரஷ்யாவில் இதே பணியை 1980களின் கடைசியில் உருவான 'மெமோரியல்' அமைப்பு செய்தது; 2021 டிசெம்பரில் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது, மறு ஆண்டு அதற்கு அமைதிக்கான நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. சேகரிப்பு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது, பல இடங்களில் பிரதி இருக்க வேண்டும் என்பதற்கு அந்த வழக்கு போதும்.

வாவிக்கரையில் தாளுக்கு ஆட்சியைத் தவிர வேறு எதிரிகளும் உண்டு. 1978 நவம்பர் சூறாவளி கூரைகளைப் பிடுங்கிப் போனது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் கல்லடி, நாவலடி வீடுகளுக்குள் வந்தது. உப்புக் காற்றில் கம்பி ஊசி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். கறையானுக்கு மார்க்சியமும் தேசியமும் ஒன்றுதான். பழைய தொலைநகல் தாளில் எழுத்து தானாகவே மங்கி வெறும் மஞ்சள் தாள் மிஞ்சும். றோனியோ மை எண்ணெய் கலந்தது. மலிவான தாளில் அது பக்கத்தின் மறுபுறம்வரை ஊறிவிடும்.

இவற்றுக்கு மேலாக, 1985இல் இருபது வயதில் ஸ்டென்சில் வெட்டியவருக்கு இப்போது அறுபதுக்கு மேல். தாள் கிடைத்தாலும் அதை விளக்கச் சொல்ல ஆள் வேண்டும். ஆசிரியர் பெயரும் திகதியும் இல்லாத தாளின் வரலாறு மனிதர் நினைவில்தான் இருக்கிறது. தன்னாமுனையிலும் ஏறாவூரிலும் படுவான்கரையிலும் அப்படி ஒருவரைச் சந்திக்கும் மாணவர் கேட்டுப் பதிய வேண்டியவை பெரிய அரசியல் கேள்விகள் அல்ல. ஸ்டென்சில் எந்தக் கடையில் வாங்கினீர்கள், எத்தனை பிரதி எடுத்தீர்கள், வாவியைக் கடக்கும்போது எதற்குள் ஒளித்தீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள், வாசித்தவர் என்ன சொன்னார், மீதியை எங்கே வைத்தீர்கள், அவர் பெயரையும் உங்கள் பெயரையும் இப்போது எழுதலாமா, இன்னும் சில ஆண்டு பொறுக்க வேண்டுமா?